கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை – 14: செங்கல்லும் சுக்காய் பிந்துவும்

சிலாங்கூரின் தலைநகரம் 1880இல் கிள்ளானை விட்டுக் கிளம்பி, ஆற்றின் மேல்பக்கமாகக் கோலாலம்பூருக்குக் குடியேறியதைச் சென்ற இதழில் பார்த்தோம். புதுத் தலைநகரத்துக்குக் கால் ஊன்ற ஓராண்டுகூட அவகாசம் கிடைக்கவில்லை. 1881 ஜனவரியில் ஊர் எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில், எரிந்து மிஞ்சியதையும் புதிதாகக் கட்டியதையும் வெள்ளம் வாரிக்கொண்டு போனது.

எரியாமல் என்ன செய்யும்? பலகைச் சுவர், அத்தாப்புக் கூரை, ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் கடைகள், உள்ளே விளக்கும் அடுப்பும். உள்நாட்டுப் போர் 1873இல் ஓய்ந்தபோதே கப்பித்தான் யாப் ஆ லோய் இந்த ஊரைச் சாம்பலிலிருந்து ஒருமுறை எழுப்பியிருந்தார். மறுபடியும் அதே பலகை, அதே அத்தாப்பு. இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. ஈயம் விலை இருந்தால் ஊர் இருக்கும். விலை விழுந்தால் கூலிக்காரர்கள் அடுத்த சுரங்கத்துக்கு நடந்துவிடுவார்கள். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற ஊரில் எவன் செங்கல் வைத்துக் கட்டுவான்?

கட்ட வைத்தவர் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம். 1882இல் சிலாங்கூரின் ரெசிடென்டாக வந்தார். ரெசிடென்ட் என்பவர் பெயருக்குத்தான் ஆலோசகர். அவர் ‘ஆலோசனை’ சொன்னால் அது உத்தரவு. இனிக் கடைத்தெருவில் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும்தான் என்பது அவருடைய ஆலோசனை. ஊர் முழுவதையும் ஒரே நாளில் இடித்துக் கட்ட முடியாதல்லவா, தெருத் தெருவாக வேலை நடந்தது. 1884 வாக்கில் இதற்கென விதிகளும் வந்துவிட்டன. சட்டம் அரசாங்கத்துடையது, செலவு வீட்டுக்காரனுடையது. இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுமுப்பது ஆண்டு கழித்து வேறு உடுப்பில் திரும்பி வரும்.

அவ்வளவு செங்கல்லுக்கு எங்கே போவது? யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே பெரிய நிலப்பரப்பை எடுத்துச் சூளை போட்டார். ஆற்றோரக் களிமண் கையருகே இருந்தது, விறகுக்குக் காடு இருந்தது. அந்தச் செங்கல் காடுதான் பிரிக்பீல்ட்ஸ். இன்றைக்கு அங்கே பூமாலையும் புடவையும் வாழையிலைச் சாப்பாடும் தேடிப் போகிறவர்கள் நடப்பது கோலாலம்பூரின் சுவர்கள் பிறந்த மண்ணில். சூளைக்கு உத்தரவு தந்த விதிகள் முழுதாக நிறைவேறியதைப் பார்க்க யாப் ஆ லோய்க்குக் கொடுத்துவைக்கவில்லை, 1885இல் காலமானார்.

புதிய கடைவீடுகளில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. கடைக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரையிட்ட நடைபாதை விடவேண்டும். ‘காக்கி லீமா’ என்று இன்றும் நம் வாயில் புழங்குகிற அந்த நடைபாதைதான். ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்தது அது. நிலம் உன்னுடையது, தூணும் கூரையும் உன் செலவு, நடக்கிறவர்கள் ஊரார். பணமாக வாங்காமல் இடமாக வாங்கிய வரி என்றே இதைச் சொல்வேன். அப்படி ஒரு நல்ல வரியை அதற்குப் பிறகு இந்த நகரம் கண்டுபிடிக்கவில்லை. மழையிலும் வெயிலிலும் அதன் பலனை அனுபவித்தவர்கள் அனைவரும் அதைக் கட்டாதவர்கள்.

நம் கோயிலும் இந்த அலைக்குத் தப்பவில்லை. 1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், 1885இல் இப்போதைய ஜாலான் துன் எச். எஸ். லீக்கு இடம் மாறியபோது அத்தாப்புக் கொட்டகைதான். 1887இல் அதைப் பிரித்துவிட்டுச் செங்கல் கட்டடம் எழுப்பினார்கள். இன்று நாம் பார்ப்பது 1968இல் கட்டி முடித்த மூன்றாவது வடிவம். ஊரின் கட்டட வரலாறு முழுவதையும் ஒரே மனையில் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போய் நின்றால் போதும்.

1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1884இல் சுமார் 4,500 பேர் இருந்த ஊரில் 1890க்குள் சுமார் 20,000 பேர் சேர்ந்துவிட்டார்கள். இத்தனை பேருக்குக் கால்வாய் வேண்டும், சாலை வேண்டும், தெருவிளக்கு வேண்டும், மலக்கூடை சுமக்க ஆள் வேண்டும். அதற்காக 1890இல் ‘சானிட்டரி போர்டு’ வந்தது. அதிகாரிகளும், அரசாங்கம் பொறுக்கி எடுத்த ஊர்ப் பிரமுகர்களும் அதில் உட்கார்ந்தார்கள். ஓட்டு என்ற பேச்சே இல்லை. கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பதும், கட்டிய கட்டடத்தின் மேல் வரி போடுவதும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தது அங்கேதான்.

வரி போடும் கணக்கு மட்டும் இங்கே பிறந்ததல்ல. 1867 வரை பினாங்கும் சிங்கப்பூரும் மலாக்காவும் இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்தவை. 1856இல் நகரச் சுகாதாரத்துக்காகப் போட்ட சட்டம் ஒன்று கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களோடு பினாங்கு, சிங்கப்பூர், மலாக்காவையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. சென்னையில் இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் பகுதியில் கடை வைத்திருந்த வணிகரும் பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடை வைத்திருந்த அவருடைய பங்காளியும் ஒரே சட்டத்துக்குத் தலை வணங்கிய காலம் அது. வீட்டு வரி என்றால் வீட்டின் வாடகை மதிப்பில் இத்தனை பங்கு என்ற ஆங்கிலேய வழக்கம் இரண்டு கரைகளிலும் ஒன்றாக வேர்விட்டது. இரண்டு கரைகளிலும் இன்னும் பட்டுப்போகவில்லை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். மலேசியாவின் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, ‘ஆண்டு மதிப்பு’ என்று ஒன்றைச் சொல்கிறது. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டுக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. நீங்கள் விடவேண்டும் என்பதில்லை. ஐம்பது வருஷமாக நீங்களே குடியிருந்தாலும், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தாலும், கற்பனையில் ஒரு வாடகைக்காரர் உங்கள் வீட்டில் குடியிருப்பார். அவர் தருவதாக எண்ணப்படும் வாடகையில் ஒரு விழுக்காட்டை நீங்கள் நிஜப் பணமாகக் கட்டவேண்டும். சட்டப்படி அந்த விழுக்காடு 35 வரை போகலாம். கோலாலம்பூரில் அவ்வளவு தூரம் போனதில்லை என்பது வேறு விஷயம். ஆண்டுக்கு இரண்டு தவணை. பிப்ரவரிக் கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் முகப்பில் கூட்டம் சேருவது இதனால்தான். கட்டாமல் விட்டால் வீட்டுச் சாமானைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. இதைத்தான் நாம் ‘சுக்காய் பிந்து’ என்றும், கொஞ்சம் ஆங்கிலம் படித்த வீடுகளில் ‘அசெஸ்மெண்ட்’ என்றும் சொல்கிறோம்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்களில் பலருக்கு நெடுங்காலம் இந்தத் தலைவலியே கிடையாது. சூளைகள் போன இடத்தில் ரயில்வே வந்தது. பட்டறை, யார்டு, அதில் வேலை செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும், தமிழகத்திலிருந்து தொழிலாளிகளும். ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் பக்கமாக வரிசை வரிசையாக எழுந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ அரசாங்கச் சொத்து. அரசாங்கச் சொத்துக்குச் சாதாரண வீட்டு வரி இல்லை. அரசியலமைப்பின் 156ஆம் பிரிவுப்படி மத்திய அரசு ஊராட்சிக்கு ஓர் உதவித்தொகை கட்டும். குடியிருப்பவருக்கு வரியும் இல்லை, வீடும் இல்லை. பணி ஓய்வு பெறும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். தெருவையே தங்கள் ஊராக நினைத்து இரண்டு தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு அங்கே ஒரு சாண் மண் சொந்தமில்லை என்பது பின்னால் அந்தக் குவார்ட்டர்ஸ் இடிபட்டபோதுதான் உறைத்தது.

இனி இந்தக் கதையின் நல்ல பத்தாண்டு. கோலாலம்பூர் 1948இல் நகராட்சி ஆனது. 1952 பிப்ரவரி 16இல் முதல் நகராட்சித் தேர்தல். பன்னிரண்டு இடங்கள். அம்னோவும் ம.சீ.ச.வும் முதன்முதலாகக் கைகோத்து நின்று ஒன்பது இடங்களை அள்ளின. பின்னாளில் நாட்டையே ஆண்ட கூட்டணிக்குத் தொட்டில் இந்த நகராட்சித் தேர்தல்தான். வரலாற்றுப் பாடப் புத்தகம் அத்தோடு நின்றுவிடும். நாம் பார்க்கவேண்டியது பங்சார் வட்டாரத்தை. டத்தோ ஓனின் மலாயா சுதந்திரக் கட்சி ஜெயித்த இடங்கள் இரண்டே. அதில் ஒன்றில் வென்று வந்தவர் தேவகி கிருஷ்ணன். மலாயாவில் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு பொதுப் பதவிக்குத் தேர்ந்தெடுத்த முதல் பெண் அவர். எந்த இனத்திலும், எந்த மாநிலத்திலும் அவருக்கு முன்னால் ஒருவர் இல்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று கேட்டால் எனக்கே பயமாக இருக்கிறது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1957இல் முதல் மேயராக அமர்ந்த டி. எஸ். ராமநாதனின் பெயரையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரைப் பிடிப்பது, வரி கூடினால் யாரிடம் சண்டை போடுவது என்பது அந்த ஆண்டுகளில் ஊராருக்குத் தெரிந்திருந்தது. 1961 ஏப்ரல் 1இல் கூட்டரசுத் தலைநகரச் சட்டம் அமலுக்கு வந்தது. நகராட்சி மன்றம் போய், அரசாங்கம் நியமித்த ஆணையர் வந்தார். மற்ற ஊர்களுக்கு இன்னும் நான்கு ஆண்டு வாழ்வு இருந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டன. பெரிய நகரங்கள் பல எதிர்க்கட்சிகளின் கையில் இருந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

‘நிறுத்தி வைப்பு’தான் என்றார்கள். அதனால் அதே ஆண்டு ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். பத்திரிகைக்காரராக இருந்து வழக்கறிஞரானவர், ம.இ.கா. தலைவர்களில் ஒருவர், ஜான்சி ராணிப் படையில் கேப்டனாக இருந்த ஜானகியின் கணவர். மூன்று ஆண்டுக்கும் மேல் நாடு முழுவதும் சாட்சியம் கேட்டு, 1968 டிசம்பரில் அறிக்கையை முடித்தார்கள். ஊராட்சிகளை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஒருவர், ஆளும் கூட்டணிக்குப் பிடிக்காது என்று தெரிந்தே இப்படி எழுதிக் கொடுத்தார். அறிக்கை எழுபதுகளின் தொடக்கத்தில்தான் வெளியே வந்தது. அரசாங்கம் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1973இல் ஒரு தற்காலிகச் சட்டம், 1976இல் சட்டம் 171. வீட்டு வரிக்குக் கணக்குச் சொல்லும் அதே சட்டம், ஊராட்சித் தேர்தலுக்கும் முடிவு கட்டியது.

இதற்கிடையில் 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆனது. அத்தோடு சட்டமன்ற ஓட்டும் போயிற்று.

அடுத்த காட்சிக்கு ஒரு பாய்ச்சல் பாய்வோம். சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை சொத்துகளை மறுமதிப்பீடு செய்யவேண்டும். வேண்டுமானால் நீட்டிக்கலாம் என்றும் அதே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கோலாலம்பூர் 1992இல் மதிப்பிட்டது, பிறகு இருபது ஆண்டுக்கு மேல் தொடவே இல்லை. அந்த இடைவெளியில் ஊர் என்ன ஆயிற்று? இரட்டைக் கோபுரம் எழுந்தது. போருக்கு முந்தைய கடைவீடுகளின் வாடகையை இறுக்கிப் பிடித்திருந்த 1966ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. 2000 பிறந்ததும் வாடகை அவிழ்த்துவிட்ட காளை ஆயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள் பலர் ஷட்டரை இறக்கினார்கள். பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே யார்டு 72 ஏக்கரும் கே.எல். சென்ட்ரல் ஆகி, 2001இல் ரயில் நிலையம் திறந்தது. சுற்றிலும் ஹோட்டல், அலுவலகம், கொண்டோ. 2010 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்து வைத்தார்கள்.

2013 நவம்பரில் மாநகர் மன்றத்தின் கடிதம் வந்தது. 1992இன் வாடகை மதிப்புப் போய், புது மதிப்பு. 2014 ஜனவரியிலிருந்து அமல். ஆட்சேபம் இருந்தால் டிசம்பர் 17க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்குக்காக, பிரிக்பீல்ட்ஸில் ஒரு தெரஸ் வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய மதிப்பில் மாத வாடகை 500 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 6,000. அப்போதைய 6 விழுக்காட்டுக்கு வரி 360 வெள்ளி. புது மதிப்பில் வாடகை 1,500 என்றால் ஆண்டுக்கு 18,000. அதே 6 விழுக்காட்டுக்கு 1,080 வெள்ளி. வீட்டில் இருப்பவர் ரயில்வே பென்ஷன்காரர். வீட்டுக்கு ஒரு ஜன்னல்கூடப் புதிதாக வைக்கவில்லை. அவருக்கு அந்த 1,500 வெள்ளி வாடகை ஒரு மாதமும் கைக்கு வந்ததில்லை. எதிரே கோபுரம் எழுந்ததால் அவருடைய கற்பனை வாடகைக்காரர் பணக்காரர் ஆகிவிட்டார், அவ்வளவுதான்.

கூச்சல் எழுந்தது. ஆட்சேபக் கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. ஆளுங்கட்சிக்காரர்களே முணுமுணுத்தார்கள். கடைசியில் மதிப்பில் கை வைக்காமல் விழுக்காட்டைக் குறைத்தார்கள்: வீடுகளுக்கு 6இலிருந்து 4, வணிகச் சொத்துகளுக்கு 12இலிருந்து 10. நம் பென்ஷன்காரரின் கணக்கு 720 வெள்ளியில் வந்து நின்றது. மும்மடங்கு என்று மிரட்டி இருமடங்கில் முடிந்த வியாபாரம்.

மாநகர் மன்றத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குப்பைக்கும் சாலைக்கும் 1992இன் விலை இல்லை. இருபது ஆண்டு சும்மா இருந்ததால் லாபம் அடைந்தவர்களில் பென்ஷன்காரரைவிடப் பத்து வீடு வைத்திருந்தவர் அதிகம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. கோபுரத்துக்கு அனுமதி தருவது எந்த அலுவலகமோ, கோபுரத்தால் பக்கத்து வீட்டின் மதிப்பு ஏறியது என்று வரியை ஏற்றுவதும் அதே அலுவலகம். சுவெட்டன்ஹாமின் செங்கல் உத்தரவுக்கும் இதற்கும் ஒரே ஒற்றுமைதான், அதுவே போதுமானது: செலவு செய்கிறவனைக் கேட்கவில்லை. சுவெட்டன்ஹாமிடமாவது ஊர் எரியாமல் இருக்கும் என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது.

தேர்தல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? சென்னையைப் பாருங்கள். அங்கே 1998க்குப் பிறகு சொத்து வரி ஏறாமலே கிடந்தது. 2022 பிப்ரவரி 19இல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் வரி உயர்வு அறிவிப்பு வந்தது. வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை. ஓட்டுக்கு முன்னால் வாய் திறக்கவில்லை, ஓட்டு முடிந்ததும் கையை நீட்டினார்கள். ஆனாலும் சென்னைக்காரருக்கு வார்டு கவுன்சிலர் வீட்டு வாசல் எது என்று தெரியும். அடுத்த தேர்தல் எந்த ஆண்டு என்றும் தெரியும்.

கிள்ளானில் இது இன்னும் ஆறாத விவகாரம். 2024 பிப்ரவரி 5இல் கிள்ளான் அரச மாநகரம் ஆனது, வாணவேடிக்கையெல்லாம் நடந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியிலிருந்து சிலாங்கூரின் பன்னிரண்டு ஊராட்சிகளிலும் வரி உயர்வு, 25 விழுக்காட்டுக்கு மேல் போகாது என்ற உறுதியோடு. கோலாலம்பூரின் 2014 அமளியைப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. மேலும், கிள்ளான்காரருக்கு மந்திரி பெசாரின் மேல் கோபம் வந்தால் சட்டமன்றத் தேர்தலில் காட்டலாம். கோலாலம்பூர்க்காரருக்கு அதுவும் இல்லை. அவருக்கு இருப்பது ஒரே ஓட்டு, நாடாளுமன்றத்துக்கு. மேயரான டத்தோ பண்டாரை நியமிக்கும் பேச்சில் அவர் இல்லை. தலைநகருக்கு மறுபடி தேர்தல் வேண்டுமா என்ற பேச்சு அண்மையில் எழுந்திருக்கிறது. ஆதி நாகப்பனின் அறிக்கையை எடுத்துத் தூசி தட்டுவோர் பெருகினால் நல்லது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1952க்கும் 1961க்கும் இடைப்பட்ட நகராட்சி வரி ரசீது, தேர்தல் துண்டறிக்கை, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம் போன்றவை உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நகல் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். அசலை வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். அடுத்த இதழில் 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும், அதன் பிறகு கிள்ளான் ஆற்றை நிமிர்த்தி ஓடவிட்ட கதையும்.

(தொடரும்)